கண்டதை விழுங்கிய நாயைக் காப்பாற்றும் வழி

ஆட்டுப் பட்டிக்கும், களத்துமேட்டுக்கும், கிணற்று மோட்டாருக்கும் இரவுக் காவல் நாய்தான். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி போன்ற நல்ல இனமானாலும் சரி, ஊரில் பிறந்து வளர்ந்த சாதாரண நாட்டு நாயானாலும் சரி, காவல் வேலையில் குறை வைப்பதில்லை. ஆயினும் வீட்டில் வளரும் பிராணிகளில் மிகக் குறைந்த கவனிப்பைப் பெறுவதும் நாயே. மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால் வீடே கவலைப்படுகிறது. நாய் இரண்டு நாள் சோறு தொடாமல் படுத்துக் கிடந்தால், ‘எங்காவது தின்றுவிட்டு வந்திருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்படிப் படுத்துக் கிடக்கும் நாய்களில் சிலவற்றின் வயிற்றில் துணி, கயிறு, மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை போன்ற ஏதேனும் ஒரு பொருள் அடைத்துக்கொண்டிருக்கும். காலத்தோடு கவனித்தால் இத்தகைய நாய்களில் பெரும்பாலானவற்றைப் பிழைக்க வைக்க முடியும். காலம் கடத்தினாலோ, தெரியாமல் கை வைத்தியம் செய்தாலோ நாய் இறந்துவிடும்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்றும் இதில் இருக்கிறது. தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தோன்றும் நாய்க்கு உண்மையில் வெறிநோய் கண்டிருக்கலாம். அது தெரியாமல் வாய்க்குள் கையை விடுகிறவரின் உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே முதலில் பார்க்க வேண்டும். பிறகுதான் தொட வேண்டும்.

நாய் ஏன் கண்டதைத் தின்கிறது?

நாய் உணவை நன்றாக மென்று தின்னும் பிராணி அல்ல. கிழித்து, இரண்டு கடி கடித்து, அப்படியே விழுங்கும் இயல்புடையது. பொருள் இன்னதென்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதைவிட மோப்பத்தால் முடிவு செய்வதே அதன் வழக்கம். கறி கட்டி வந்த பாலிதீன் பை, மீன் கழுவிய தண்ணீர் பட்ட சாக்குத் துண்டு, எண்ணெய் துடைத்த கந்தல் துணி ஆகியவற்றில் உணவின் வாடை இருப்பதால் அவற்றையும் உணவென்றே விழுங்கிவிடுகிறது.

குட்டிகளுக்கு 4 முதல் 6 மாத வயதிற்குள் பால் பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்கின்றன. அப்போது ஈறில் தினவு ஏற்படும். கண்ணில் படும் செருப்பு, சோப்பு, ரப்பர் பந்து, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் கடிக்கும். கடிக்கும்போது உடைந்த துண்டு உள்ளே போய்விடும்.

பகல் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் சலிப்பினால் கயிற்றையும் சாக்கையும் கடித்துத் தின்னும். வயிற்றுப் பூச்சி உள்ள நாயும், போதிய உணவு கிடைக்காத நாயும் மண்ணையும் துணியையும் தின்பதுண்டு. வெறிநோய் கண்ட நாயும் குச்சி, கல், மண், துணி ஆகியவற்றைக் கடித்து விழுங்கும். இதை விவசாயிகள் நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் அறிய வேண்டியவை

நாய் எதையோ விழுங்கிவிட்டது என்று தெரிந்ததும் பதறி அதன் வாயைத் திறக்க முயல வேண்டாம். மூன்று விவரங்களை முதலில் அறிய வேண்டும்.

முதலாவது, விழுங்கியது என்ன? மீதித் துண்டு கிடந்தால் அதை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். மருந்துப் பொட்டலமாக இருந்தால் அதன் மேலுறையையும் எடுத்து வைக்க வேண்டும். மருத்துவருக்கு இது பெரிதும் உதவும்.

இரண்டாவது, எப்போது விழுங்கியது? விழுங்கிச் சுமார் இரண்டு மணி நேரத்திற்குள் என்றால் பொருள் பெரும்பாலும் இரைப்பையிலேயே இருக்கும். வாந்தி எடுக்க வைக்கத் தகுந்த பொருளாக இருந்தால், மருத்துவர் ஊசி போட்டு வெளியேற்றிவிடலாம். குடலுக்குள் இறங்கிவிட்டால் இந்த வழி பயன்படாது.

மூன்றாவது, பொருளின் அளவு என்ன, நாயின் அளவு என்ன? முப்பது கிலோ எடையுள்ள நாய்க்குத் தொந்தரவு தராத ஒரு பொத்தான், இரண்டு கிலோ குட்டியின் குடலை அடைத்துவிடலாம்.

எங்கே சிக்கும்? எப்படித் தெரியும்?

விழுங்கிய பொருள் நான்கு இடங்களில் சிக்கக்கூடும். ஒவ்வோர் இடத்திற்கும் அறிகுறி வேறு.

மூச்சுக்குழாயின் வாயில் சிக்கினால் நாய் மூச்சுக்குத் திணறும். முன்கால்களால் வாயைப் பிறாண்டும். நாக்கும் ஈறும் நீலநிறமாக மாறும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

உணவுக்குழாயில் சிக்கினால் நாய் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கும். எச்சில் ஓயாமல் வடியும். சோறு தின்ற உடனே, செரிக்காமல் அப்படியே எதுக்களித்து வெளியே வந்துவிடும். கழுத்து மார்போடு சேரும் இடம், இதயத்தை ஒட்டிய இடம், இரைப்பைக்குச் சற்று முன்னால் உதரவிதானத்தை ஒட்டிய இடம் ஆகிய மூன்றும் பொருள்கள் வழக்கமாகச் சிக்கும் இடங்கள். எலும்புத் துண்டும் தூண்டில் முள்ளும் இங்கே சிக்குவதுண்டு. ஒரு நாள் கடந்தால் உணவுக்குழாயின் சுவர் புண்ணாகி ஓட்டை விழலாம்.

இரைப்பையில் தங்கினால் அறிகுறி மாறி மாறி வரும். ஒரு நாள் வாந்தி எடுக்கும். மறுநாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். இரைப்பையின் வெளிவாசல் குறுகலானது. எனவே தொண்டை வழியே உள்ளே போன எல்லாப் பொருளும் அந்த வாசல் வழியே வெளியேறிவிடும் என்று எண்ணக் கூடாது. துணியும் ரப்பர் பந்தும் பல நாட்கள், சில சமயம் பல வாரங்கள் இரைப்பையிலேயே கிடக்கும். நாய் மெலிந்துகொண்டே போகும்.

சிறுகுடலில் அடைத்தால்தான் தொல்லை மிகுதி. தின்றதும் குடித்ததும் எல்லாம் வாந்தியாக வரும். மலம் போகாது, அல்லது சிறிதளவு சளிபோலப் போகும். வயிற்றைத் தொட்டால் நாய் வலியால் முனகும். சில நாய்கள் முன்கால்களை நீட்டி மார்பைத் தரையில் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி நிற்கும். உடலில் நீர் வற்றிக் கண்கள் குழிவிழும். அடைபட்ட இடத்தில் குடலுக்கு இரத்த ஓட்டம் நின்று அந்தப் பகுதி அழுகி ஓட்டையாகிவிடும். அதன்பின் பிழைக்க வைப்பது மிகக் கடினம்.

தானாக வெளியேறக் கூடியவை

விழுங்கிய எல்லாவற்றிற்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. சிறியதும் வழவழப்பானதுமான பொருள்கள், அதாவது சட்டைப் பொத்தான், சிறு கூழாங்கல், புளியங்கொட்டை, சிறிய பாலிதீன் துண்டு போன்றவை நடுத்தர நாயின் வயிற்றிலிருந்து பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் மலத்தோடு வெளியேறிவிடும்.

இந்த நாட்களில் நாயை அவிழ்த்துவிடாமல் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்துப் பொருள் வந்துவிட்டதா என்று அறிய வேண்டும். நாய் வழக்கம்போல் தின்று, குடித்து, ஓடியாடித் திரிந்தால் கவலை இல்லை. இடையில் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்தாலோ, சோற்றை வெறுத்தாலோ, மூன்று நாள் கடந்தும் பொருள் வராவிட்டாலோ மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

பின்வரும் பொருள்களை விழுங்கினால், நாய் நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கூர்மையானவை: தையல் ஊசி, சாக்கு தைக்கும் கோணி ஊசி, தூண்டில் முள், பிளேடுத் துண்டு, கம்பி, கண்ணாடிச் சில்லு. இவை போகும் வழியில் எங்கே வேண்டுமானாலும் குத்தும்.

நூலும் கயிறும்: இவை பார்வைக்குச் சாதுவானவை, உண்மையில் மிகக் கொடியவை. தையல் நூல், நைலான் கயிறு, இயந்திரத்தால் கட்டிய வைக்கோல் கட்டிலிருந்து அவிழ்த்துப் போட்ட கயிறு ஆகியவற்றை நாய் விழுங்கும்போது, ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாசலிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதைக் கீழே தள்ளப் பார்க்கும், தள்ள முடியாது. அதனால் நாடா கோத்த பாவாடை சுருங்குவதுபோல் குடல் நூலின் மேல் சுருங்கிக்கொள்ளும். அந்த நூல் அரம்போல் குடலை உள்ளிருந்து அறுத்துவிடும்.

பாட்டரி: டார்ச் விளக்கு, கடிகாரம், ரிமோட், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் ஆகியவற்றில் உள்ள பாட்டரியைக் கடித்தால் உள்ளிருக்கும் காரம் வாயையும் உணவுக்குழாயையும் வெந்துபோகச் செய்யும். பொத்தான் வடிவப் பாட்டரி கடிபடாமல் முழுதாக உள்ளே போனாலும், தங்கிய இடத்தைச் சில மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். இதற்கு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போது மீண்டும் ஒருமுறை சுட்டுவிடும்.

அடைப்பவை: மாங்கொட்டை, மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை, ரப்பர் பந்து, காலுறை, கந்தல் துணி, குழந்தைகளுக்குக் கட்டும் நாப்கின். மாங்கொட்டை உருண்டு இரைப்பையைத் தாண்டிவிடும்; ஆனால் குறுகிய சிறுகுடலில் போய் ஆப்புபோல் இறுகிக்கொள்ளும். மாம்பழக் காலத்திலும், மக்காச்சோளம் அடிக்கும் காலத்திலும் நாய் மேல் கண் இருக்க வேண்டும். நாப்கினில் உள்ள பொருள் ஈரம் பட்டதும் பல மடங்கு உப்பிப் பெருகும்.

விஷமானவை: துணிப் பெட்டியில் வைக்கும் அந்துருண்டை, எலி மருந்து, பூச்சிமருந்து டப்பா, விதை நேர்த்தி செய்து மீந்த விதை. இவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கலாகாது. சிலவகை எலி மருந்துக் கட்டிகளைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் வரை நன்றாகவே இருக்கும். அதன்பின் இரத்தம் உறையாமல் மூக்கிலும் ஈறிலும் மலத்திலும் இரத்தக் கசிவு காணும். தின்றது தெரிந்த அன்றே மருத்துவரிடம் போனால் மாற்று மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். கறுப்புப் பொடியாக வரும் துத்தநாகப் பாஸ்பைடு எலி மருந்தைத் தின்ற நாயின் வாந்தியிலிருந்து நச்சு வாயு வெளிப்படும். அந்த நாயை அடைத்த அறையில் வைக்கக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் வைத்து, வாந்தியின் அருகே குனிந்து முகராமல் இருக்க வேண்டும்.

செய்யக் கூடாத கை வைத்தியங்கள்

கிராமங்களில் நாய்க்குச் செய்யும் சில வைத்தியங்கள் நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டாலும் நாயின் உயிருக்கே உலை வைத்துவிடுகின்றன.

உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது தவறு. வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கினால் இரத்தத்தில் உப்பு மிகுந்து நாய்க்கு வலிப்பு வரும். சோப்பு நீரும் கூடாது. தொண்டையில் விரலை விட்டு வாந்தி வரவழைக்கப் பார்ப்பதும் கூடாது. கூர்மையான பொருள், பாட்டரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றை விழுங்கிய நாய்க்கு எந்த வகையிலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

விளக்கெண்ணெய், பேதி மருந்து ஆகியவற்றைக் கொடுப்பது அதைவிடத் தவறு. அடைபட்ட குடலைப் பேதி மருந்து முடுக்கினால் குடல் கிழியும். வாயைப் பிடித்துத் திறந்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும்.

வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் அல்லது கயிறு தொங்கினால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. உள்ளே சுருங்கியிருக்கும் குடல் அறுந்துவிடும். ஆசனவாயில் நீளமாகத் தொங்கித் தரையில் இழுபட்டால், வெளியே தெரியும் பகுதியில் ஒரு விரல் நீளம் விட்டு மீதியைக் கத்தரித்துவிட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லலாம். வாயில் தெரியும் நூலைக் கத்தரிக்காமல் அப்படியே விட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பொருளைக் கீழே தள்ளும் என்று எண்ணி வாழைப்பழமும் சோற்று உருண்டையும் திணிப்பதும் கூடாது. உணவுக்குழாயில் பொருள் சிக்கியிருந்தால் திணித்தது அதன்மேல் அடைக்கும். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு நிறைந்திருப்பது ஆபத்து. மனிதர்களுக்கான வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்கலாகாது. நாயின் இரைப்பை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றை இவை கெடுத்துவிடும்.

மூச்சு அடைத்தால் செய்ய வேண்டிய முதலுதவி

மருத்துவருக்காகக் காத்திராமல் வீட்டிலேயே உடனே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விளையாடும்போதோ தின்னும்போதோ திடீரென்று மூச்சு அடைத்துத் திணறும் நாய்க்குச் செய்யும் முதலுதவி அது. தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுள்ள, நன்கு பழகிய, அந்த நிமிடம் வரை நலமாக இருந்த சொந்த நாய்க்கு மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் இடுக்கி கொண்டு பற்றி எடுக்கலாம். தெரியாவிட்டால் துழாவக் கூடாது. பொருள் இன்னும் உள்ளே போய்விடும். சிறிய நாயானால் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகச் சற்றுத் தூக்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் நான்கைந்து முறை தட்ட வேண்டும். பெரிய நாயானால் பின்புறமாக நின்று இரு கைகளாலும் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, விலா எலும்பு முடியும் இடத்திற்குச் சற்றுக் கீழே, உள்நோக்கியும் மேல்நோக்கியும் நான்கைந்து முறை வேகமாக அழுத்த வேண்டும். பொருள் வெளியே வந்து மூச்சு சீரான பிறகும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

எலும்பா? வெறிநோயா?

இந்தப் பகுதியை விவசாயிகள் மட்டுமன்றி வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

வெறிநோய் என்றால் நாய் பாய்ந்து பாய்ந்து கடிக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது ஒரு வகை. மற்றொரு வகையில் நாய் கடிக்காது, ஒடுங்கிக் கிடக்கும். தொண்டைத் தசையும் தாடைத் தசையும் செயலிழந்து வாய் தொங்கிப்போகும். எச்சில் ஒழுகும். தண்ணீரையும் சோற்றையும் விழுங்க முடியாது. குரைப்பொலி மாறிக் கரகரப்பாகும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்றே தோன்றும். இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிட்டு எலும்பைத் தேடுவார்கள். அங்கே எலும்பு இருக்காது. எச்சிலில் உள்ள நோய்க்கிருமி, கையில் உள்ள சிறு கீறல் வழியாகவும், பல் பட்ட காயம் வழியாகவும் உடலில் ஏறிவிடும்.

பொருள் சிக்கிய நாய்க்குத் தொல்லை பெரும்பாலும் திடீரென்று தொடங்கும். நாய் ஓங்கரிக்கும், வாயைப் பிறாண்டும், எசமானை அடையாளம் கண்டு அருகில் வரும். வெறிநோயில் ஓரிரு நாட்களுக்கு முன்பிருந்தே குணம் மாறியிருக்கும். இருட்டில் ஒளியும், காரணமின்றி உறுமும், கூப்பிட்டால் வராது, குறியின்றி அலையும், நடை தள்ளாடும். சில வாரங்கள் அல்லது சில மாதங்களுக்கு முன் வேறு நாய் கடித்திருக்கலாம். ஆயினும் இந்த வேறுபாடுகளை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. தடுப்பூசி போடாத நாய்க்கும், எங்கிருந்தோ வந்த நாய்க்கும் வாயில் எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் இருந்தால், வெறிநோய் என்றே கருதி நடக்க வேண்டும்.

அப்படிப்பட்ட நாயைக் கையால் தொடாமல், கதவைச் சாத்தியோ வேலிக்குள் விட்டோ தனிமைப்படுத்தி, கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளைகளை அருகே விடக் கூடாது. நோய்க்குறி கண்ட நாய் பொதுவாகப் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும்.

தெரியாமல் கைவிட்டுவிட்டால் உடனே அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. அன்றைய தினமே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று, நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். ‘நாய் சாகிறதா என்று பத்து நாள் பார்த்துக்கொண்டு பிறகு போகலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

இந்த நோய்க்கு லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டிலேயே மனிதருக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907ஆம் ஆண்டில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. மருந்து வந்து நூறு ஆண்டுகள் கடந்த பின்பும் மனிதர்கள் இந்நோயால் இறக்கின்றனர் என்றால், உரிய நேரத்தில் ஊசி போட்டுக்கொள்ளாததே முக்கியக் காரணம். மனிதரிடம் நோய்க்குறி தோன்றிவிட்டால் பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம்.

மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது

புறப்படும் முன் நாய்க்குச் சோறு கொடுக்க வேண்டாம். வாந்தி எடுக்கும் நாயின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சங்கிலி போட்டுச் சாக்கின் மேலோ கூடையிலோ வைத்துக் கொண்டு போகலாம். எடுத்து வைத்த மீதித் துண்டையும், தடுப்பூசிச் சீட்டையும் மறக்காமல் கொண்டு செல்ல வேண்டும்.

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுவது நல்லது. தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான அவசர அழைப்பு எண் 1962. எக்ஸ்ரேயும் அறுவைச் சிகிச்சையும் தேவை என்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் வசதி உண்டு.

உலோகம், எலும்பு, கல் ஆகியவை எக்ஸ்ரே படத்தில் நன்றாகத் தெரியும். துணி, பாலிதீன், மரத்துண்டு ஆகியவை பல சமயம் தெரியாது. ஆகவே ‘படத்தில் ஒன்றும் இல்லை’ என்று கேட்டதும் நாயை வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. விழுங்கியது துணி என்று முன்பே சொன்னால் மருத்துவர் ஸ்கேன் எடுத்தோ, படத்தில் தெரியும் மருந்தைக் குடிக்க வைத்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தோ கண்டுபிடிப்பார். உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் உள்ள சில பொருள்களை எண்டாஸ்கோப் குழாயை வாய் வழியாகச் செலுத்தி, அறுக்காமலே எடுக்க முடியும். மற்றவற்றிற்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் ஐந்து நாட்கள் முக்கியமானவை. குடலில் போட்ட தையல் கசிந்தால் இந்த நாட்களில்தான் தெரியும். நாய் சோர்ந்து படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ உடனே மறுபடி காட்ட வேண்டும். மருத்துவர் சொன்னபின், குழைந்த சோறு, அவித்த முட்டை போன்ற மென்மையான உணவைச் சிறிது சிறிதாகப் பல வேளைகளில் கொடுக்கலாம். எலும்பு போடக் கூடாது. வெளித் தையலை 10 முதல் 14 நாட்களில் பிரிப்பார்கள். அதுவரை நாய் தையலை நக்காமலும், ஓடிக் குதிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வராமல் தடுக்க

இதற்குப் பெரிய செலவு இல்லை. கறி, மீன் வாங்கி வந்த பையை வாசலில் எறியாமல், மூடியுள்ள தொட்டியில் போட வேண்டும். ஊசியையும் நூலையும் வேலை முடிந்ததும் டப்பாவில் போட்டு மூட வேண்டும். வைக்கோல் கட்டை அவிழ்த்தவுடன் கயிற்றைச் சுருட்டி ஓர் ஆணியில் மாட்டிவிட வேண்டும். தேய்ந்த பாட்டரியைக் குப்பைமேட்டில் வீசக் கூடாது. எலி மருந்தை நாய்க்கு எட்டாத இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும்.

நாய்க்கு நாள்தோறும் நேரத்தில் சோறு போட வேண்டும். வேலிக்குள் சிறிது நேரமாவது அவிழ்த்துவிட வேண்டும். குட்டிக்குக் கடிக்க, வாயில் அடங்காத அளவுள்ள கெட்டியான ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டு வைத்தால் செருப்பும் சாக்கும் தப்பும். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடையக் கூடியது. அதைப் போடாதிருப்பது நல்லது.

குட்டி பிறந்த இரண்டாவது வாரம் தொடங்கி 12 வாரம் வரை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாத வயது வரை மாதம் ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசியும் தவறாமல் போட வேண்டும். தடுப்பூசிச் சீட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்தால் வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைக்கும்.

நாய் விழுங்கும் அதே கம்பியும், ஆணியும், பாலிதீனும், கயிறும் பக்கத்தில் மேயும் கறவை மாட்டின் வயிற்றுக்கும் போகக் கூடியவை. மாட்டின் வயிற்றில் கம்பி தங்கினால் அது அருகிலுள்ள இதயம் வரை குத்திச் செல்லும். ஆகவே குப்பைமேட்டையும் களத்தையும் வாரம் ஒருமுறை சுற்றிவந்து இவற்றைப் பொறுக்கிப் போட்டால் நாய்க்கும் மாட்டுக்கும் சேர்த்தே பாதுகாப்பு. வீட்டு நாய்க்கு இந்த ஆண்டு தடுப்பூசி போட்டாயிற்றா என்று சீட்டை எடுத்துப் பார்த்து, போடவில்லையெனில் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும்.